எங்க உட்காரலாம்? விருதுநகர், சிவகாசிப் பக்கம் ஒரு டேட்டின் வரலாறு

ஃபர்ஸ்ட் டேட்டுக்கு எந்தக் கடைக்குப் போகலாம்? இந்தக் கேள்வியைச் சென்னையிலோ கோவையிலோ கேட்டால் பதில் உடனே வந்துடும். லைட்டிங் எப்படி, கூட்டம் எப்படி, பில் எவ்வளவு ஆகும், பார்க்கிங் இருக்கா. போன்ல மேப்பைத் திறந்து, நாலு ஸ்டாருக்கு மேல இருக்கிற கடைகளைப் பார்த்தா வேலை முடிஞ்சது.

அதே கேள்வியை விருதுநகரிலோ சிவகாசியிலோ கேளுங்க. சாப்பாட்டைப் பத்தின பேச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வரும். முதல்ல வர்றது, "அங்க நம்ம தெரு ஆளுங்க யாராவது வருவாங்களா?" அடுத்தது, "ஃபேமிலி ரூம் இருக்கா?" அதுக்கு அடுத்தது, "பேசாம மதுரைக்குப் போயிடலாமா?" ஒரு காபி குடிக்கிறதுக்கு விருதுநகர்ல இருந்து மதுரை கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். சிவகாசியில இருந்து இன்னும் தூரம்.

நான் விருதுநகர்ல வளர்ந்தவன். இந்தக் கணக்கை நானும் போட்டிருக்கேன், என் நண்பர்களும் போட்டிருக்காங்க. இதை "சின்ன ஊர் மனநிலை"ன்னு ஒரே வார்த்தையில தள்ளிவிடுறவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணலை. இந்தப் பக்கத்துல யார், யாரோட, எங்க உட்காரலாம் என்பது நூறு வருஷத்துக்கு மேல சண்டை போட்டுத் தீர்மானமான விஷயம். சண்டை இன்னும் முழுசா முடியவும் இல்லை. இன்னைக்கு அந்தக் கதையைத்தான் பேசப் போறோம்.

வீட்ல இடம் இல்லாதவங்க கண்டுபிடிச்சது

முதல்ல "டேட்"ங்கிற சொல் எங்க இருந்து வந்ததுன்னு பார்த்துடலாம். அமெரிக்காவுல 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை, வசதியான குடும்பங்கள்ல, பையன் பெண்ணோட வீட்டுக்கு வரணும். வரவேற்பறையில உட்காரணும். அம்மா பக்கத்து அறையில இருப்பாங்க. அதுக்குப் பேரே "காலிங்". யார் வரலாம், வரக்கூடாதுங்கிறதைப் பெண்ணும் அவளோட அம்மாவும் முடிவு பண்ணுவாங்க.

"டேட்"ங்கிற சொல்லை இந்த அர்த்தத்துல அச்சுல முதல்ல பயன்படுத்தினவர்களில் ஒருவர் சிகாகோ பத்திரிகையாளர் ஜார்ஜ் ஏட். வருஷம் 1896. அவர் எழுதினது உழைக்கிற வர்க்கத்து இளைஞர்களைப் பத்தி. காரணம் எளிமையானது. ஒரே அறையில ஆறேழு பேர் வாழ்ற வீட்டுல வரவேற்பறை ஏது? அவங்க வெளியதான் போகணும். வெளிய உட்காரணும்னா காசு கொடுத்து எதையாவது வாங்கணும். பெத் பெய்லி என்ற வரலாற்றாய்வாளர் 1988-ல் வெளிவந்த தன் புத்தகத்துல இந்த மாற்றத்தை விரிவா எழுதியிருக்காங்க. வீட்ல இருந்து கடைக்கு நகர்ந்ததும், காதல்ல பணமும் பொது இடமும் சேர்ந்துக்கிச்சு.

அதே காலத்துல லண்டன்ல, 1894-ல் லயன்ஸ் கம்பெனி தன் முதல் டீக்கடையைத் திறந்தது. ஆண் துணை இல்லாம ஒரு பெண் கௌரவமா உட்கார்ந்து டீ குடிக்க முடிஞ்ச இடங்கள்ல அந்த மாதிரிக் கடைகளும் சேர்ந்துச்சு.

ஆக, ரெண்டு பேர் கடையில சந்திக்கணும்னா மூணு கதவு திறந்திருக்கணும். அந்தச் சாதிக்காரங்க உள்ள வரலாம்னு இருக்கணும். பெண் உள்ள வரலாம்னு இருக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணா உட்காரலாம்னு இருக்கணும். நம்ம ஊர்ல இந்த மூணும் வேற வேற காலத்துல, வேற வேற அளவுக்குத் திறந்தது.

பேட்டை கட்டின ஊர்

விருதுநகரோட பழைய பேரு விருதுபட்டி. 1923-ல்தான் விருதுநகர்னு ஆச்சு. 19-ஆம் நூற்றாண்டுல இங்கயும் சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்கள்லயும் நாடார் வியாபாரிகள் "பேட்டை"களைக் கட்டினாங்க. பேட்டைன்னா சுவர் சூழ்ந்த வளாகம். மாட்டு வண்டியில சரக்கோட வர்ற வியாபாரி மாட்டை அவிழ்த்துக் கட்டி, சரக்கைப் பாதுகாப்பா இறக்கி வெச்சு, ராத்திரி பயமில்லாம தங்கலாம். நடக்கிற வியாபாரத்துல ஒரு பங்கை "மகமை"ன்னு பொதுநிதிக்குக் கொடுத்தாங்க. அந்த நிதியை உறவின்முறை நிர்வகிச்சது. அதுல இருந்து பள்ளிக்கூடங்களும் வந்தது.

ஏன் தனியா ஒரு இடம் கட்டணும்? அன்னைக்கு இருந்த பொது இடங்கள் அவங்களுக்குப் பொதுவா இல்லை. கோயிலுக்குள்ள போற உரிமையைக் கேட்டதுக்கே என்ன நடந்ததுன்னு வரலாறு சொல்லுது. 1897-ல் கமுதி கோயிலுக்குள்ள நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவங்களுக்கு எதிராத் தீர்ப்பு வந்தது. இடையில 1899 ஜூன்ல சிவகாசியைப் பெரிய கூட்டம் சூறையாடினது. வீடுகள் எரிஞ்சது, உயிர்கள் போச்சு. ஊர்ல பெரியவங்க இன்னைக்கும் அதைச் "சிவகாசிக் கொள்ளை"ன்னுதான் சொல்வாங்க.

இந்த அனுபவத்துல இருந்து வந்த ஊர், "இடம் தரமாட்டேன்னா நாங்களே கட்டிக்கிறோம்"ங்கிற பாடத்தைக் கத்துக்கிச்சு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து சிவகாசியில ஆரம்பிச்சாங்க. அதுக்குப் பின்னால பட்டாசும் அச்சகமும் வந்தது. ஆனா தனக்குன்னு கட்டிக்கிட்ட இடம் மத்தவங்களுக்கும் தானா திறந்துடாது. அதுக்குத் தனியாப் போராட வேண்டியிருந்தது.

போர்டும் பந்தியும்

காபி ஹோட்டல் நம்ம ஊருக்கு வந்தப்ப சாதியும் கூடவே வந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியோட "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" நூலைப் படிச்சவங்களுக்குத் தெரியும். பிராமணர்கள் நடத்தின காபி கிளப்புகள்ல பிராமணருக்கு ஒரு இடம், மத்தவங்களுக்கு ஒரு இடம். தலித்துகளுக்கு உள்ளேயே இடமில்லை. ரயில்வே ஸ்டேஷன் உணவகத்துலயும் இதே பிரிவினை. அது 1941-ல்தான் எடுக்கப்பட்டது, பெரியார் தொடர்ந்து எதிர்த்ததுக்கு அப்புறம்.

ஹோட்டல்ல மட்டும் இல்லை. சேரன்மாதேவி குருகுலத்துல, காங்கிரஸ் பணமும் போய்ச் சேர்ந்த ஒரு தேசியப் பள்ளியில, பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி போட்டாங்க. 1924–25-ல் அது தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. அடுத்து சுயமரியாதை இயக்கம் வருது. அந்த இயக்கத்தோட மாநாட்டுப் பந்திகள்ல எல்லாச் சாதிக்காரங்களும் ஒண்ணா உட்கார்ந்தாங்க. சமையலுக்கு நாடார்களை அமர்த்தினாங்க. கோயிலுக்குள்ள விடாதவங்க கையால சமைச்சதை எல்லாரும் சாப்பிடுறதுதான் அங்க அரசியல். செங்கல்பட்டு, ஈரோடுக்கு அடுத்து, 1931-ல் மூணாவது மாகாண மாநாடு நடந்தது நம்ம விருதுநகர்ல.

இதோட சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். விருதுநகரும் சிவகாசியும் அப்ப ராமநாதபுரம் மாவட்டத்துல இருந்தது. அதோட மாவட்டக் கழகத் தலைவரா இருந்தப்ப, தலித்துகளை ஏத்தாத பஸ்ஸுக்கு உரிமம் கிடையாதுன்னு உத்தரவு போட்டார். சென்னையில பாண்டி பஜாருக்குப் போறீங்களே, அந்தப் பேரு இவரோடதுதான். பஸ்ஸுல ஒரு சீட்டு, ஹோட்டல்ல ஒரு நாற்காலி. ரெண்டும் ஒரே சண்டை.

அரசமைப்புச் சட்டத்தோட 15-ஆம் பிரிவு, கடை, உணவகம், ஹோட்டல்னு பெயர் சொல்லியே, சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. அது 1950. தீண்டாமையைக் குற்றமாக்கின சட்டம் 1955. 1956-ல் எட்டயபுரத்துல காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வெச்சார். விருதுபட்டியில பிறந்த மனுஷன். பள்ளிக்கூடத் திண்ணையில ஒரே வரிசையில குழந்தைகள் சாப்பிட்டது பசிக்கு மட்டும் மருந்தா இருக்கலை. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசல்ல, போர்டுல இருந்த "பிராமணாள்"ங்கிற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் ஆரம்பிச்சார். தினமும் ஆட்கள் போய்க் கைதானாங்க. அடுத்த வருஷம் அந்தச் சொல் போச்சு.

இன்னொரு பக்கம், அசைவ ஹோட்டல்கள் சத்தமில்லாம வேற ஒரு வேலையைச் செஞ்சது. திருமங்கலம் பக்கத்துல வடக்கம்பட்டின்னு ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் 1937-ல் காரைக்குடியில முனியாண்டி விலாஸைத் திறந்தார். சமைக்கிறவரோட சாதியைப் போர்டுல போடாம, ஊர் தெய்வத்தோட பேரைப் போட்டது அந்தக் கடை. விருதுநகர் பரோட்டாக் கடைகளும் அந்த வழியில வந்தவைதான்னு நான் நினைக்கிறேன். வட்டக் கல்லு நிறைய எண்ணெய் ஊத்திப் பொரிச்ச பரோட்டா, தண்ணியா ஒரு சால்னா, பெஞ்சுல பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு கேட்காம ஒரு சாப்பாடு.

ஆனா டவுனுக்கு வெளிய கதை வேற. சட்டம் வந்து பல பத்தாண்டுகள் கழிச்சும் தென் மாவட்டக் கிராம டீக்கடைகள்ல தலித்துகளுக்குத் தனி டம்ளர் இருந்ததைக் கள ஆய்வுகள் பதிவு பண்ணியிருக்கு. சில இடங்கள்ல தனி டம்ளர் போய், சிலருக்கு மட்டும் பேப்பர் கப் வந்தது. கண்ணாடி டம்ளர்ல குடிக்கிறவர் பெஞ்சுல, பேப்பர் கப்ல குடிக்கிறவர் மரத்தடியில. முதல் கதவே இன்னும் முழுசாத் திறக்கலைங்கிறதுக்கு இதுதான் சாட்சி.

அப்பத்தா பார்க்காத பரோட்டாக் கல்

இப்ப ரெண்டாவது கதவு. என் அப்பத்தா தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போனவங்க. சனிக்கிழமை சம்பளம் அவங்க கையிலதான் வரும். ஆனா அவங்களுக்குப் பரோட்டான்னா பார்சல். வாழை இலையில மடிச்சு, மேல நியூஸ்பேப்பர் சுத்தி, ராத்திரி தாத்தா கொண்டுவர்ற பார்சல். அந்தக் கல் எப்படி இருக்கும்னு அவங்க கடைசி வரைக்கும் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்துப் பொருளாதாரத்துல பெண்களோட கை எல்லா இடத்துலயும் இருக்கு. தீப்பெட்டி, பட்டாசு, பைண்டிங். காலையில இருட்டோட ஆலை பஸ் வந்து கிராமத்துல இருந்து ஏத்திக்கிட்டுப் போகும். சம்பாதிக்கிறதுக்கு வெளிய வரலாம். அந்தச் சம்பாத்தியத்துல ஒரு டீயை உட்கார்ந்து குடிக்கிறதுக்குத்தான் இடம் இல்லை. டீக்கடை பெஞ்சு ஆம்பளைங்களோடது. பெண்கள் டீயைத் தூக்குவாளியில வாங்கிட்டுப் போவாங்க, இல்லன்னா ஓரமா நின்னு குடிச்சுட்டு நடையைக் கட்டுவாங்க.

பெண்களுக்கு ஹோட்டல் திறந்தப்ப ஒரு தட்டியோட திறந்தது. அதுதான் ஃபேமிலி ரூம். பலகைத் தடுப்பு, ஒரு துணித் திரை, வாசல்ல "குடும்பத்துடன் வருபவர்களுக்கு மட்டும்". பெண் சாப்பிடுறதை வெளி ஆம்பளை பார்க்கக் கூடாதுங்கிற எண்ணத்துல பிறந்த அறை. அதையே ஒரு தலைமுறைக் காதலர்கள் தங்களுக்கு எடுத்துக்கிட்டாங்க. மறைக்கிறதுக்காகக் கட்டின திரை அவங்களுக்கு மறைவைக் கொடுத்தது. ஆனா சர்வரோட முறைப்பும் அந்த வாடகையில சேர்த்தி. "ஃபேமிலியா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும், ரெண்டு பேருக்கும் பசி போயிடும்.

அப்புறம் பேக்கரி வந்தது, ஜூஸ் கடை வந்தது, ஏசி ஹால் வந்தது, இப்ப கபே வந்திருக்கு. இவற்றோட முக்கியமான பங்களிப்பு கேக்கும் கோல்ட் காபியும்னு நான் சொல்லமாட்டேன். ரெண்டு காலேஜ் பொண்ணுங்க, ஆம்பளை யாரும் இல்லாம, திரை இல்லாத டேபிள்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்து சிரிச்சுப் பேசுறதை ஊர் கண்ணுக்குப் பழக்கினதுதான் அது.

மூணாவது கதவு

ஒரு ஆணும் பெண்ணும் ஒண்ணா உட்காருறது. இதுதான் இன்னும் ஆபத்தான கதவு.

2015 ஜூன்ல, திருச்செங்கோடு கோயில்ல, ஒரு தலித் இளம் பொறியாளர் தன்கூடக் கல்லூரியில படிச்ச தோழியோட பேசிட்டு இருந்தார். பெண் வேற சாதி. அங்கிருந்து அவரைக் கடத்திட்டுப் போனாங்க. அடுத்த நாள் ரயில் தண்டவாளத்துல உடல் கிடைச்சது. கோயில் சிசிடிவி பதிவு வழக்குல முக்கியச் சான்றா ஆச்சு. 2022 மார்ச்ல மதுரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவங்க செஞ்ச "தப்பு" என்ன? ஒரு பொது இடத்துல உட்கார்ந்து பேசினது.

இதைக் கேட்டதுக்கு அப்புறம், "யாரு தெரிஞ்சவங்க வருவாங்க?"ங்கிற கேள்வியைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. மதுரைக்கு பஸ் ஏறுறது ஸ்டைலுக்காக நடக்கிறது இல்லை. தெரியாத முகங்களோட கூட்டத்தை வாடகைக்கு எடுக்கிறாங்க. அதுக்கு ஒரு அரை நாள் வேணும். டவுன் பஸ் பெண்களுக்கு 2021-ல் இருந்து இலவசம், ஆனா மதுரை போற பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகணும். காபி விலையில இதையெல்லாம் கூட்டிப் பாருங்க.

2018 மார்ச்ல, சக்தி வாஹினி வழக்குல, வயது வந்த ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் தேர்ந்தெடுக்கிறதுல தலையிடக் குடும்பத்துக்கோ சாதிப் பஞ்சாயத்துக்கோ உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. தீர்ப்பு கைவசம் இருக்கு. டேபிள்தான் இன்னும் முழுசாக் கைக்கு வரலை.

சரி, எங்க போகலாம்?

இவ்வளவு கேட்டதுக்கு அப்புறம் கடைப் பெயர்ப் பட்டியல் கொடுத்தா நல்லா இருக்காது. எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு மட்டும் சொல்றேன்.

யாருக்கு ஆபத்து அதிகமோ அவங்க இடத்தைச் சொல்லட்டும். பெரும்பாலும் அது பெண். சாதி வேறன்னா ஒடுக்கப்பட்ட பக்கத்துல இருக்கிறவங்க. சர்ப்ரைஸ் கொடுக்கிறேன்னு கடையை நீங்களே முடிவு பண்ணி வைக்காதீங்க. நமக்கு அழகாத் தெரியற இடம் அவங்களோட சித்தப்பா தினமும் டீ குடிக்கிற இடமா இருக்கலாம்.

திரை வேணுமா வேண்டாமான்னு கேளுங்க. ஃபேமிலி ரூம் ஒருத்தருக்கு நிம்மதி, இன்னொருத்தருக்கு மூச்சு முட்டல். நாலு குடும்பம் சாப்பிடுற திறந்த ஹால்ல நடு டேபிள் சில சமயம் அதைவிடப் பாதுகாப்பு.

நேரத்தைப் பாருங்க. சிவகாசியில சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நேரம், பஜார் முழுக்க ஊர்க்காரங்க. தீபாவளிக்கு முந்தின வாரங்கள்ல வெளியூர் வண்டியும் சேர்ந்துக்கும். கூட்டம் உங்களை மறைக்குமா, காட்டிக்கொடுக்குமான்னு உள்ளூர்க்காரங்களுக்குத்தான் தெரியும். ஒரு நண்பர்கிட்டயாவது எங்க இருக்கீங்கன்னு சொல்லி வைங்க. அவங்களே தனியா வீட்டுக்குத் திரும்ப பஸ் இருக்கிற நேரத்துல கிளம்புங்க.

கடைசியா ஒண்ணு. அந்தக் கடை மத்தவங்களை எப்படி நடத்துதுன்னு பாருங்க. துப்புரவுத் தொழிலாளி வந்து டீ கேட்டா அதே டம்ளர் போகுதா? தனியா வர்ற பெண்ணுக்கு மரியாதையா டேபிள் கிடைக்குதா? ஆலை யூனிபார்ம் போட்ட அக்கா உட்கார்ந்தா சர்வர் முகம் சுளிக்கிறாரா? அவங்களுக்கு இடம் இருக்கிற கடையில உங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்க வாய்ப்பு அதிகம். அங்க பரோட்டா சுமாரா இருந்தாலும் பரவாயில்லை.

இந்த எபிசோடுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்க அம்மாகிட்ட, அப்பத்தாகிட்ட, அம்மாச்சிகிட்ட கேளுங்க: "முதல்முறையா ஹோட்டல்ல உட்கார்ந்து எப்போ சாப்பிட்டீங்க? யார் கூட?" பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்தடுத்த எபிசோடுகள்ல சேர்த்துப் பேசலாம்.